8%, 14% ஸ்ப்ரே டேன் கரைசல்களைக் கலந்தால் ஆரஞ்சு அடிக்கிறது, உதவுங்களேன்

மூன்று வாரமாக இதில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். என்னிடம் இருப்பது 8% டிஹெச்ஏ (வெயில் படாமலே தோலைப் பழுப்பாக்கும் பொருள்) கரைசல் ஒன்று, 14% ஒன்று. இரண்டும் வேறு வேறு கம்பெனி. பேஸ், அதாவது கரைசலின் அடிநிறம், 8%-ல் பச்சை, 14%-ல் வயலட். நடுத்தர நிறம் கேட்பவர்களுக்கு 8%-ல் 40 மில்லி, 14%-ல் 20 மில்லி சேர்க்கிறேன். கணக்குப்படி 60 மில்லியும் சரியாக 10% வரவேண்டும்.

அடித்தவுடன் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ப்ரான்சர் சாயம், குளித்தால் போய்விடும். 8 மணி நேரம் கழித்துக் கழுவினால் கழுத்தும் நெஞ்சும் ஆரஞ்சாகத் தெரிகின்றன. நான்காம் நாள் அதே இடங்களில் திட்டுத் திட்டாக மங்குகிறது. கால்களில் பிரச்சினை இல்லை. இதுவரை மூன்று பேருக்கு இப்படி ஆகிவிட்டது, என்னை நம்பி வந்தவர்களை அப்படிப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

கரைசலை அடிக்கும் ஹெச்விஎல்பி ஸ்ப்ரே கன்னின் நாசிலைக் கழற்றிக் கழுவிவிட்டேன். இரண்டிலும் புது பாட்டில் திறந்தேன். கலந்ததை எடுத்துவைப்பதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் கலக்கிறேன். முந்தின நாளே ஸ்க்ரப் செய்துவிட்டு, லோஷன், டியோடரன்ட் எதுவும் போடாமல் வரச் சொல்கிறேன். 14%-ஐ 10 மில்லியாகக் குறைத்தும் பார்த்தேன். நிறம் வெளிறியதே தவிர ஆரஞ்சு போகவில்லை. கலக்காமல் தனித்தனியாக அடித்தால் இரண்டுமே நன்றாக வருகின்றன, அதுதான் குழப்பம்.

இப்படிக் கலந்து அடித்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்: பச்சை பேஸையும் வயலட் பேஸையும் சேர்ப்பதால்தான் ஆரஞ்சு வருகிறதா?