ஃபேஸ்புக்கை விட்டுப் போக: எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசியில் அழிப்பது?

அடுப்படி (கேள்வி):

ஃபேஸ்புக் கணக்கை மொத்தமா டெலிட் செய்யப் போறேன். 2011ல் தொடங்கியது. சுமார் 1,400 பதிவு, பாதிக்கு மேல் சமையல் குறிப்பு, எல்லாம் தமிழ். பலகார ஆர்டருக்கு ஒரு பேஜ், பள்ளித் தோழிகள் குரூப் ஒன்று இருக்கு. இரண்டுக்கும் அட்மின் நான் மட்டும்தான். வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் தொடரணும்.

பேக்கப் எடுத்துப் பார்த்தேன். வந்த ஃபைலில் தமிழ் ஒரு எழுத்துகூட இல்லை, எல்லாம் குப்பை எழுத்து. போன வருஷத்துக்கு முந்தைய பதிவு எதையும் காணோம். எதில் தொடங்கி எதில் முடிக்கணும்?

பூட்டுச்சாவி:

சகோ, டெலிட் பட்டன் பக்கம் இப்போதைக்குப் போகாதீங்க. பேக்கப்பை மறுபடி எடுக்கணும்.

செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ் சென்டர், அதில் 'யுவர் இன்ஃபர்மேஷன் அண்ட் பர்மிஷன்ஸ்', உள்ளே 'எக்ஸ்போர்ட் யுவர் இன்ஃபர்மேஷன்'. இதற்கு முன்பு 'டவுன்லோடு' என்று பெயர். மூன்று இடத்தைக் கையால் மாற்றணும். தேதியை 'ஆல் டைம்' ஆக்குங்க. உங்களுக்கு ஒரு வருஷம் மட்டும் வந்ததற்குக் காரணம் இதுதான். மீடியா குவாலிட்டியை 'ஹை' ஆக்குங்க, இல்லாவிட்டால் படங்கள் இன்னும் நசுங்கி வரும். ஃபார்மட்டை ஹெச்டிஎம்எல் (பிரவுசரில் திறந்து படிக்கும் வலைப்பக்க வடிவம்) ஆக்குங்க. அதில் தமிழ் ஒழுங்காகத் தெரியும்.

தயாரானதும் அறிவிப்பு வரும். அந்த டவுன்லோடு சில நாளில் காலாவதியாகிவிடும், அதனால் வந்த அன்றைக்கே இறக்கிடுங்க. பல ஜிப் ஃபைலாக வந்தால் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குள் விரிக்கணும். தனித்தனி ஃபோல்டரில் விரித்தால் பதிவு ஒன்றிலும் அதன் படம் இன்னொன்றிலும் கிடக்கும். பக்கத்தைத் திறந்தால் உடைந்த படச் சின்னம்தான் தெரியும். விண்டோஸ் என்றால் டி டிரைவிலேயே சின்னப் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு விரியுங்க. டெஸ்க்டாப்பில் நாலு ஃபோல்டருக்குள் வைத்து விரித்தால் பாதை 260 எழுத்தைத் தாண்டி, சில ஃபைல் விரியாமல் நின்றுவிடும்.

எழுத்துரு வைத்தியர்:

குப்பை எழுத்து விஷயத்தை மட்டும் சொல்றேன். நீங்க எடுத்தது ஜேசன் ஃபார்மட், அதாவது நிரல்கள் படிப்பதற்கான வடிவம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ஃபேஸ்புக் அந்த மூன்றையும் சேர்த்து ஒரே குறியாக எழுதாமல், ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எழுதி வைக்கிறது. 'அம்மா'வை எடுத்துக்குங்க: அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று கணினிக்கு அது 5 குறி. 15 பைட் ஆகிறது. நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு பைட்டும் பின்சாய்கோட்டோடு 6 எழுத்தாகத் தெரியும். ஆக ஒரு 'அம்மா'வுக்கு 90 எழுத்து! வேறு செயலியில் ஏற்றினால், தலையில் கீறல் போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று வரிசை கட்டி நிற்கும்.

நோட்பேடில் 'என்கோடிங்' மாற்றிச் சேமித்துப் பலர் பார்க்கிறாங்க. ஒன்றும் நடக்காது, ஏனென்றால் ஃபைலில் இருப்பது எல்லாம் சாதா ஆஸ்கி எழுத்துதான் (ஆங்கில எழுத்து, எண், குறியீடு மட்டும்). பைத்தான் என்ற நிரல் மொழியில் ஜேசனாகப் படித்த பிறகு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு சரத்தையும் (எழுத்துத் தொடரையும்) லத்தீன்-1 என்ற பழைய ஒரு பைட் முறையில் என்கோட் செய்து யுடிஎஃப்-8 ஆக டிகோட் செய்யணும். ஒரு வரி வேலை, தமிழ் அப்படியே திரும்பிவிடும். குறிப்புகளை வலைப்பூவுக்கு மொத்தமாக ஏற்றும் எண்ணம் இருந்தால் ஜேசனையும் வைத்துக்குங்க. படிக்க மட்டும்தான் என்றால் ஹெச்டிஎம்எல் போதும்.

குளத்தங்கரை:

பேஜ் பற்றி யாரும் சொல்லலையே, அங்கேதான் நஷ்டம் வரும். ஃபுல் கன்ட்ரோல் (முழு அதிகாரம்) உங்களிடம் மட்டும் இருக்கும் பேஜ் உங்கள் கணக்கோடு சேர்ந்தே அழியும். கணக்கை டீஆக்டிவேட் (தற்காலிகமாக முடக்கம்) செய்தாலும் அது வெளியே தெரியாது. பேஜுக்கு மாறி, 'பேஜ் அக்செஸ்' போய், வீட்டில் ஒருவருக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுங்க. கொடுத்தால் மட்டும் போதாது, அவர் அழைப்பை ஏற்கணும். ஏற்ற பிறகு அவர் போனிலிருந்து ஒரு பதிவு போடச் சொல்லிப் பாருங்க. குரூப்பிலும் இன்னொரு தோழியை அட்மின் ஆக்கிட்டு வெளியே வாங்க. இல்லாவிட்டால் அது மேய்ப்பன் இல்லாத மந்தைதான்.

அடுத்து, செட்டிங்ஸில் 'ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்'. ஃபேஸ்புக் மூலம் நுழைகிற செயலிகள் அங்கே வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் போய் மின்னஞ்சல், பாஸ்வேர்டுக்கு மாற்றிட்டு, அப்புறம்தான் இங்கே நீக்கணும். மாற்றாமல் ஃபேஸ்புக் கணக்கை அழித்துவிட்டால் அந்தச் செயலிக்குள் போக முடியாமல் போகலாம்.

ஒரு வாரம் டீஆக்டிவேட் செய்து பார்த்துவிட்டு டெலிட் செய்யலாம்.

பூட்டுச்சாவி:

@குளத்தங்கரை, டீஆக்டிவேட் ஒத்திகை நல்ல யோசனைதான், ஆனால் அதில் ஒரு ஓட்டை. ஏதாவது ஒரு செயலியில் 'ஃபேஸ்புக் மூலம் நுழை' என்று தட்டினாலே கணக்கு மறுபடி உயிர் பெற்றுவிடும். செயலிகளை மாற்றி முடித்த பிறகு செய்யுங்க.

டெலிட் கொடுத்தால் 30 நாள் அவகாசம். அதற்குள் நுழைந்து ரத்து செய்யலாம், அதன் பிறகு வழி இல்லை. சர்வரிலிருந்து முழுதாக அழிய 90 நாள் வரை ஆகும். மெசஞ்சரும் கூடவே போகும், ஆனால் நீங்க அனுப்பிய செய்தி எதிராளியின் பெட்டியில் அப்படியே இருக்கும். வாட்ஸ்அப்புக்கு ஒன்றும் ஆகாது. இன்ஸ்டாகிராம் அதே அக்கவுண்ட்ஸ் சென்டரில் இருந்தால், டெலிட் திரையில் எந்தக் கணக்கு என்று கேட்கும். பெயரை இரண்டு முறை பாருங்க.

எழுத்துரு வைத்தியர்:

மெசஞ்சர் என்றதும் நினைவு வந்தது. 2023 டிசம்பரிலிருந்து தனி உரையாடல்கள் முழு மறையாக்கத்துக்கு (பேசும் இருவர் மட்டுமே படிக்க முடிகிற பூட்டு) மாறத் தொடங்கின. அவை சாதா பேக்கப்பில் வராது. மெசஞ்சர் செட்டிங்ஸில், முழு மறையாக்க அரட்டைகளுக்கான 'மெசேஜ் ஸ்டோரேஜ்' பகுதியில் தனியாக இறக்கணும்.

நண்பர் பட்டியலும் வரும், ஆனால் பெயரும் தேதியும்தான். போன் நம்பர் இருக்காது. வேண்டியவர்களிடம் இப்போதே நம்பர் கேட்டு வாங்கிடுங்க.

அடுப்படி:

எல்லாருக்கும் நன்றி. ஹெச்டிஎம்எல்லில் தமிழ் தெரியுது! ஆனா என் பதிவுக்குக் கீழே மற்றவங்க போட்ட கமெண்ட் எதுவும் இல்லையே? உப்பு எவ்வளவு, பாகு பதம் என்ன என்பதெல்லாம் அங்கேதான் பேசியிருக்கோம்.

குளத்தங்கரை:

வராதுங்க. நீங்க எழுதிய பதிவும் நீங்க எழுதிய கமெண்டும்தான் உங்கள் தகவல். அடுத்தவர் எழுதியது அவர் கணக்கில் சேரும். கையால்தான் எடுக்கணும், 1,400க்கும் வேண்டாம். அதிரசம், முறுக்கு மாதிரி கமெண்டில் அளவு பேசிய பதிவாக ஒரு அறுபதைப் பொறுக்குங்க.

கணினியில் பதிவின் தேதி மேல் சொடுக்கி அதைத் தனிப் பக்கமாகத் திறங்க. கமெண்டுக்கு மேலே 'மோஸ்ட் ரெலவன்ட்' என்று இருக்கும். அதை 'ஆல் கமெண்ட்ஸ்' ஆக்குங்க. அப்படியே விட்டால் பாதி கமெண்ட் ஒளிந்துகொள்ளும். பிறகு 'வியூ மோர்', பதில்கள், நீளமான கமெண்டுக்கு 'ஸீ மோர்' எல்லாவற்றையும் விரித்து முடித்து, கண்ட்ரோல் பி அழுத்தி பிடிஎஃப் ஆகச் சேமிங்க. அச்சு முன்னோட்டத்தில் வெள்ளைப் பக்கம் வந்தால் பதிவு தனிப் பக்கமாக இல்லாமல், வேறொரு பக்கத்தின் மேல் மிதக்கும் பெட்டியாகத் திறந்திருக்கலாம். முகவரியை நகலெடுத்துப் புது டேபில் போட்டுப் பாருங்க. அதுவும் சரிப்படவில்லை என்றால் கமெண்டுகளைத் தேர்வு செய்து வேர்டில் ஒட்டிடுங்க, பார்க்க அழகாக இருக்காது, அளவு மட்டும் தப்பாமல் இருக்கும்.

வலைப்பூவில் போடும்போது மற்றவர் கமெண்டைப் பெயரோடு போடுவதாக இருந்தால், டெலிட் கொடுப்பதற்கு முன்பே அவங்ககிட்ட கேட்டுடுங்க. அப்புறம் கேட்க மெசஞ்சரும் இருக்காது.