450ஆர் கியர் லீவர் பல்லு போச்சு: வெல்டு வைக்கவா, புதுசு போடவா?

பதாயர்_பையன்:
அண்ணன்மாரே ஒரு யோசனை சொல்லுங்க. வண்டி ஹோண்டா டிஆர்எக்ஸ்450ஆர் குவாட் (நாலு சக்கர மணல் வண்டி), ஷார்ஜாவுல செகண்ட் ஹேண்டுல எடுத்தது. போன சனிக்கிழமை பதாயர் பாலைவனத்துல பெரிய மணல் மேடு ஏறிட்டு இருக்கும்போது ரெண்டுக்கு இறக்கலாம்னு மிதிச்சா லீவர் மட்டும் தொபுக்குன்னு கீழ போகுது, கியர் மூணுலயே நிக்குது, பாதி ஏத்தத்துல இன்ஜின் திணறி வண்டி பின்னாடி சரிய ஆரம்பிச்சிருச்சு, ஹேண்டில ஒடிச்சு குறுக்க திருப்பி எப்படியோ இறங்கிட்டேன். கழட்டி பாத்தா லீவர் ஓட்டைக்குள்ள ஷாஃப்ட கவ்வுற பல்லே இல்ல, வழவழன்னு இருக்கு. ஷாஃப்டும் மொட்டையா தெரியுது. பக்கத்து கேரேஜ்ல கேட்டா வெல்டு வச்சிரலாம் அஞ்சு நிமிஷ வேலைங்கறான். அடுத்த வாரம் பசங்களோட ஒரு ரேஸ் இருக்கு. என்ன பண்ணலாம்?

டியூன்_மாப்ள:
வச்சிரு ப்ரோ, இதுக்கெல்லாமா யோசிப்ப. நான் முன்னாடி வேலை பாத்த ரெண்டல் கடைல கியர் வண்டி முக்காவாசிக்கு லீவர் வெல்டுதான். டூரிஸ்ட்டுங்க கியர் போடத் தெரியாம உதை உதைன்னு உதைப்பாங்க, ஒண்ணும் ஆனதில்ல. புது லீவர் வாங்கினா அதுவும் ஒருநாள் தேயத்தான் போகுது. ரெண்டு இடத்துல டாக், அதாவது சின்ன புள்ளி வெல்டு, வச்சா போதும், கழட்டணும்னா கிரைண்டர்ல அறுத்துக்கலாம். லீவர் நழுவாது, ரேஸும் மிஸ் ஆகாது.

ஸ்பேனர்_அண்ணாச்சி:
என்னவே இப்படி பேசுதீரு. தம்பி, அவர் பேச்ச கேட்டு வெல்டு மிஷின் பக்கமே போயிராதீரும். மொதல்ல லீவர்ல ஒரு காந்தத்த வச்சு பாரும். ஒட்டலைன்னா அலுமினியம், அலுமினியத்த இரும்பு ஷாஃப்டோட வெல்டு வச்சா நிக்காது, நிக்கும்னு எவன் சொன்னாலும் உம்ம காசுக்கு சொல்லுதான். இரும்பா இருந்தா மட்டும் என்ன வாழுது? ஷாஃப்ட்டு கேஸ விட்டு வெளிய வர்ற இடத்துல ஒரு சின்ன ஆயில் சீல் இருக்கு, ரப்பர், லீவர்லேர்ந்து ரொம்ப தூரம் கிடையாது, வெல்டு சூட்டுல அது கருகிரும். அப்புறம் முன் ஸ்ப்ராக்கெட் பக்கமா ஆயில் கசியும். சரி சீல மாத்துவோம்னு போனா எப்படிவே மாத்துவீரு, அந்த சீலு லீவர் பக்கமாத்தானே வெளிய வரணும், லீவர்தான் ஷாஃப்டோட ஒட்டிகிட்டு நிக்குல்லா.

டியூன்_மாப்ள:
அண்ணாச்சி ஈரத்துணிய சுத்தி வச்சு டாக் வச்சா சீலுக்கு ஒண்ணும் ஆகாது, நாங்க அப்படித்தான் வைப்போம். நீங்க டிசைன் பண்ணவன் மாதிரி பேசுறீங்க, பாலைவனத்துல நடக்கறது வேற. டகார் ரேலில ஓட்டறவன்லாம் நடு மணல்ல கையில கிடைச்சத வச்சுதான ஒட்டி ஓட்டறான்.

ஸ்பேனர்_அண்ணாச்சி:
டகார்ல குவாட் கிளாஸே 2024ஓட முடிஞ்சு போச்சு, நீரு எந்த காலத்துல இருக்கீரு. அதுல ஓடினதுல முக்காவாசி யமஹா ராப்டர் 700, ஒடஞ்சா மாத்த ஸ்பேர் வச்சிருப்பான். நடு மணல்ல மாட்டிகிட்டவன் வீட்டுக்கு வர்றதுக்கு பண்ற வேலையும் ஊர்ல ஒரு வாரம் டைம் வச்சிகிட்டு பண்ற வேலையும் ஒண்ணா? இன்னொண்ணு, வெல்டுக்கு எர்த் கிளிப்ப ஃப்ரேம்ல மாட்டுவான், கரண்ட் இன்ஜினுக்குள்ள பேரிங் வழியா சுத்தி போகும். பேரிங் உருளைல புள்ளி புள்ளியா விழுந்தா அப்புறம் சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு தேடிகிட்டே கெடக்க வேண்டியதான்.

லேத்து_மாமா:
சண்டைய அப்புறம் போடுங்கப்பா. தம்பி நீ ஒண்ண பாத்து சொல்லு. லீவர ஷாஃப்டுல இறுக்குற பிஞ்ச் போல்ட் போற இடத்துல லீவர்ல ஒரு வெட்டு இருக்கும்ல, போல்ட்ட டைட் பண்ணதும் அந்த வெட்டோட ரெண்டு பக்கமும் முட்டிக்குதா? முட்டிச்சுன்னா நீ எவ்ளோ முறுக்கினாலும் அந்த இறுக்கம் ஷாஃப்டுக்கு போகாது, வெட்டுக்குள்ளயே நின்னுரும். ஹேக்சா பிளேடு விட்டு அரை நூல் அகலமாக்கிட்டா மறுபடி கவ்வும். நான் நெறைய வண்டிக்கு பண்ணி குடுத்திருக்கேன், ரேஸ் முடியற வரைக்கும் தாராளமா தாங்கும்.

ஸ்பேனர்_அண்ணாச்சி:
மாமா நீங்க சொல்றது சரிதான், ஆனா பல்லு இருக்கற லீவருக்கு. இவருக்கு உள்ள பல்லே இல்லங்காரு. வெறும் கவ்வல்ல நிக்கறது மொத உதைல திரும்பிரும், அதுவும் ரேஸ் பூட்ஸ் போட்டு மிதிச்சா.

பதாயர்_பையன்:
பாத்துட்டேன். காந்தம் ஒட்டல, அலுமினியம்தான். வெட்டும் முட்டிகிட்டுதான் இருக்கு, காகிதம் கூட நுழையல. ஆனா ஷாஃப்ட பாத்தாதான் பயமா இருக்கு, வெளி நுனி சுத்தமா மொட்டை. இன்னொரு மெக்கானிக் கிட்ட காட்டினேன், ஷாஃப்டே மாத்தணும், வலது பக்க கவர் பிரிக்கணும், க்ளட்ச் மொத்தமும் கழட்டணும், பெரிய செலவுன்னுட்டான். ரேஸ விட்டுரலாமான்னு இருக்கு.

டியூன்_மாப்ள:
பாத்தியா, இதுக்குத்தான் சொன்னேன். அலுமினியம்னா ஒரு இரும்பு லீவர் வாங்கி வெல்டு வை. இன்ஜின பிரிச்சா அடுத்த மாசம்தான் மணல் பாப்ப.

ஸ்பேனர்_அண்ணாச்சி:
எல்லாரும் கொஞ்சம் பொறுங்கவே. ஷாஃப்ட்ட இன்ஜின் பிரிச்சுதான் மாத்த முடியும்ங்கறது நெசம், ரிட்டர்ன் ஸ்பிரிங்லாம் க்ளட்ச் பக்கம்தான் இருக்கு, வலது பக்கமாத்தான் உருவணும். ஆனா தம்பி அது நெசமாவே தேஞ்சிருக்கான்னு பாத்தீரா? ஷாஃப்ட்டு பதம் போட்ட இரும்பு, லீவர் மெதுவான அலுமினியம், ரெண்டும் உரசினா எது கரையும்? கரைஞ்ச அலுமினியம் பொடி போய் ஷாஃப்ட்டு பல்லு இடுக்குல அப்பி, மேல மேல நசுங்கி, பாக்க மொட்டை மாதிரியே பளபளன்னு நிக்கும். துணில தொடச்சா போகாது. ஒரு கனமான ஊசியோ பழைய ஸ்க்ரைபரோ எடுத்து ஒவ்வொரு பள்ளமா கீறும். அப்புறம் பிரேக் கிளீனர் அடிச்சு கம்பி பிரஷ் போடும். அதுக்கு அப்புறமும் மொட்டையா இருந்தா இன்ஜின பிரிக்கறத பத்தி பேசலாம்.

லேத்து_மாமா:
அண்ணாச்சி சொல்றது நல்ல பாயிண்டு. லேத்துக்கு வர்ற ஷாஃப்டுலயும் இதை பாத்திருக்கேன்.

யாழ்_மட்ரைடர்:
நான் கனடாவில இருந்து எழுதுறன். இஞ்ச சேத்துக்க ஓடுறதால எங்களுக்கும் இதே பிரச்சினைதான். தம்பி, ஷாஃப்ட் கொஞ்சம் தேஞ்சிருந்தாலும் பயப்படாதைங்கோ, லாக்டைட் 660 எண்டு ஒரு பசை இருக்கு, அரை மில்லிமீட்டர் இடைவெளி வரைக்கும் நிரப்பும், புது லீவர அதில ஒட்டிவிட்டால் அசையாது. திருப்பிக் கழட்ட வேணுமெண்டால் ஹீட் கன்னால சூடு காட்டலாம்.

டியூன்_மாப்ள:
அது மட்டும் சூடு இல்லையா அண்ணே? அண்ணாச்சிக்கு வெல்டு சூடுன்னா சீல் கருகும், உங்க ஹீட் கன் சூடுன்னா சீல் குளுகுளுன்னு இருக்குமா 😂

யாழ்_மட்ரைடர்:
வெல்டிங் ஆயிரக்கணக்கான டிகிரி, இது இருநூறு சொச்சம். ஆனால் நீங்கள் கேட்டதும் நியாயம், சீலுக்கு அதுவும் நல்லதில்லை. பல்லு நல்லா இருந்தால் 660 தேவையே இல்லை.

பதாயர்_பையன்:
அண்ணாச்சி!!! ஊசியால கீறினேன், வெள்ளி கலர்ல துணுக்கு துணுக்கா உதிருது, உள்ள பல்லு அப்படியே கூரா இருக்கு. நுனில மட்டும் ஓரம் லேசா மழுங்கி இருக்கு, அவ்வளவுதான். இன்ஜின பிரிக்க வேணாம்னு முடிவு. இப்ப அடுத்த கேள்வி, புது லீவர் இரும்பா அலுமினியமா? கடைல ஃபோர்ஜ்டு அலுமினியம், 7075 ரகம், நுனி மடங்குறது, சிவப்பு கலர்ல சூப்பரா இருக்கு.

லேத்து_மாமா:
கலரு அழகுதான், பல்லு மறுபடி அதே கதைதான். இரும்பு எடு.

யாழ்_மட்ரைடர்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டன். இரும்பு லீவர் போட்டு வண்டி பிரண்டால் லீவர் வளையாது, அந்த அடி நேர ஷாஃப்டுக்குப் போகும், ஷாஃப்ட் வளைஞ்சால் உங்கட இன்ஜினப் பிரிக்கிற செலவு வந்திட்டுது. அலுமினியம் எண்டால் லீவர் முறியும், அவ்வளவுதான். விலை குறைஞ்ச சாமான்தான் முதல்ல போகவேணும்.

ஸ்பேனர்_அண்ணாச்சி:
கல்லும் மரக்கட்டையும் கெடக்கற உங்க ஊருக்கு அது சரி. இங்க மணலுதான், அதுவும் குவாடுக்கு கால் பக்கம் நெர்ஃப் பார்னு பைப் தடுப்பு இருக்கு, பைக் மாதிரி லீவர் தரைல மொதல்ல குத்தாது. இங்க லீவர் சாகறது விழுந்து இல்ல, லூசா ஓட்டி. போல்ட்டு லேசா தளர்ந்ததுமே மணல் உள்ள போயிரும், ஒவ்வொரு கியருக்கும் அது அரம் போட்ட மாதிரி அறுக்கும். கால்ல ஆட்டம் தெரிஞ்ச அன்னைக்கே போல்ட்ட பாத்திருந்தா பழைய லீவரே ஓடிருக்கும். என் ஓட்டு இரும்புக்கு, நுனி மட்டும் மடங்கறதா பாரும்.

டியூன்_மாப்ள:
இதுல மட்டும் அண்ணாச்சி கட்சி நான். மாட்டறது எப்படின்னும் சொல்லிருங்க, இல்லைன்னா அடுத்த மாசம் இதே கேள்வியோட வருவான்.

ஸ்பேனர்_அண்ணாச்சி:
பல்லுல எண்ணெய் கிரீஸ் எதுவும் தடவாதீரும், காஞ்சு இருக்கணும். லீவர சுத்தியலால தட்டி ஏத்தாதீரும், உள்ள இருக்கற பாகங்களுக்கு அடி போகும், ஏறலைன்னா வெட்டுல ஒரு ஸ்க்ரூ டிரைவர விட்டு லேசா விரிச்சு முழுசா உள்ள தள்ளும். பூட்ஸ் போட்டு வண்டில ஏறி நின்னு பாரும், உக்காந்து பாத்தா உயரம் தப்பா தெரியும், ரேஸ்ல பாதி நேரம் நின்னுதானே ஓட்டுதீரு. ஒரு பல்லு மேல ஏத்தினாலே நுனி நல்லா உசந்துரும். பழைய போல்ட்ட தூர போட்டுட்டு புது எம்6 போடும், போல்ட் தானா கழலாம இருக்க நீல லாக்டைட் ஒரு சொட்டு, சிவப்பு வேண்டாம். 10லேர்ந்து 12 நியூட்டன் மீட்டர் போதும், வீரத்த காட்டினா மரை கழண்டுரும். போல்ட் தலைலேர்ந்து லீவர் வரைக்கும் பெயிண்ட் மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வையும், கோடு விலகிச்சுன்னா போல்ட் திரும்பியிருக்குன்னு அர்த்தம். மொத ஓட்டம் முடிஞ்சதும் ஒரு தடவை டைட் பாரும்.

லேத்து_மாமா:
மடங்குற நுனிக்கும் ஆயில் விடாத, மணல் ஒட்டி ஸ்பிரிங் மடங்கினபடியே நின்னுரும். காத்து அடிச்சு ஊதினா போதும்.

பதாயர்_பையன்:
ராஸ் அல் கோர் பக்கம் ஒரு கடைல இரும்பு லீவர் இருக்காம், நாளைக்கு போய் எடுக்கறேன். எல்லாருக்கும் நன்றி, முக்கியமா அந்த ஊசி ஐடியாவுக்கு.

டியூன்_மாப்ள:
பழைய லீவர குப்பைல போட்டுராத ப்ரோ, அதோட மடங்குற நுனி நல்லாருந்தா எனக்கு குடு, என்னுதுல ஸ்பிரிங் போச்சு.

பதாயர்_பையன்:
எடுத்துக்க மாப்ள, ஆனா வெல்டு வச்சுதான் மாட்டுவேன்னு அடம் புடிக்காத.