மறு: ஹாட் டப் வயரிங்ல வர்ற ஜி.எஃப்.சி.ஐ-க்குத் தமிழ்ல என்ன பேரு?

எல்லாருக்கும் வணக்கம்,

ஹாட் டப்புக்கு, அதாவது வீட்டுக்கு வெளிய வச்சு உக்காந்து குளிக்குற வெந்நீர்த் தொட்டிக்கு, கரண்ட் கொடுக்கும்போது ஜி.எஃப்.சி.ஐ (கிரவுண்ட் ஃபால்ட் சர்க்யூட் இன்டரப்டர்)னு ஒரு கருவி போடணும், கரண்ட் கசிஞ்சா உடனே அறுத்து விடுறது. அதுக்குத் தமிழ்ல என்ன பேருன்னு கேட்டிருந்தேன், நிறைய பேர் எழுதுனீங்க. பதில் போட லேட்டாயிடுச்சு, மன்னிக்கணும். இங்க மினசோட்டால தரை உறையறதுக்கு முன்னாடி டப்புக்கு வயர் போற பைப்பைப் புதைக்கப் பள்ளம் தோண்டி முடிச்சாகணும், பி.வி.சி. பைப்புன்னா 18 இஞ்ச் ஆழம் வேணும், அதுலயே ரெண்டு வாரக் கடைசி போயிடுச்சு. கனெக்‌ஷன் கொடுக்குறது எல்லாம் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான், பெர்மிட்டும் வாங்கியாச்சு, அதனால கவலைப்பட்டு எழுதுனவங்க நிம்மதியா இருங்க.

நான் ஏன் இந்தக் கேள்வியைக் கேட்டேன்னு முதல்ல சொல்லிடறேன். அப்பா ஊர்ல இருந்து வந்திருக்காரு. வெளிய சுவத்துல மாட்டுன ஜி.எஃப்.சி.ஐ டப்பாவைப் பார்த்துட்டு, "ஏம்ப்பா, உள்ள மெயின் பேனல்லயே 50 ஆம்ப் பிரேக்கர் போட்டிருக்கே, அப்புறம் வெளிய இன்னொரு பிரேக்கர் எதுக்கு, தண்டச்செலவுல்ல?"ன்னு கேட்டாரு. எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான், ஆனா சொல்ல வார்த்தை இல்லாம முழிச்சேன். உள்ள இருக்குற பிரேக்கர் காப்பாத்துறது வயரை. 50 ஆம்பைத் தாண்டி ஓடி வயர் சூடாகிப் பத்திக்கக் கூடாதுன்னு இருக்கு. ஆளைக் காப்பாத்துறது வெளிய இருக்கறது, அது 5 மில்லி ஆம்ப் வாக்குல கசிஞ்சாலே அறுத்து விட்டுடும். 50 ஆம்புக்கும் 5 மில்லி ஆம்புக்கும் பத்தாயிரம் மடங்கு வித்தியாசம், ஆனா ரெண்டையும் நாம "பிரேக்கர்"னுதான் சொல்றோம். பிரேக்கர்தான் இருக்கேன்னு தைரியமா ஈரக்கையோட போயிடுவாங்க, பேரு சரியா இல்லாததால உயிருக்கே ஆபத்து வரும்னு நான் உண்மையாவே நம்பறேன்.

> தரைப்பிழை மின்சுற்று இடைமறிப்பி-ன்னு அப்படியே மாத்திடலாமே?

வேணாங்க. அமெரிக்காக்காரங்க கிரவுண்டுன்னு சொல்றதை நாம எர்த்துன்னு சொல்வோம், இதுல தரைப்பிழைன்னா எர்த் வயர்ல ஏதோ கோளாறுன்னுதான் யாருக்கும் தோணும். ஆனா இந்தக் கருவிக்கு வேலை செய்ய எர்த் வயரே தேவையில்ல. போற கரண்டையும் திரும்பி வர்ற கரண்டையும் ஒப்பிட்டுக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான். போனது முழுசாத் திரும்பலைன்னா மிச்சம் வேற வழியா, ஒருவேளை தண்ணிக்குள்ள உக்காந்திருக்குற ஆளோட உடம்பு வழியாப் போகுதுன்னு அர்த்தம், உடனே அறுத்துடும்.

இது எவ்வளவு உண்மைன்னு வயரிங்லயே பார்க்கலாம். டப்புக்கு நாலு வயர் போகுது, 6 கேஜ் காப்பர், கரண்ட் கொண்டுபோற கருப்பு, சிவப்பு, திரும்பி வர்ற வெள்ளை (நியூட்ரல்), எர்த்துக்குப் பச்சை. டப்புல இருந்து வர்ற வெள்ளை வயரை அந்த ஜி.எஃப்.சி.ஐ பிரேக்கர்லயே சொருகணும், பிரேக்கர்லயே பொருத்தி வர்ற வெள்ளை வால் வயர்தான் நியூட்ரல் பாருக்கு, அதாவது வெள்ளை வயரெல்லாம் சேருற உலோகப் பட்டைக்குப் போகணும். நிறைய பேரு டப்போட வெள்ளையையும் நேரா பார்லயே முடுக்கிடறாங்க, அப்ப 120 வோல்ட்டுல ஓடுற சின்ன பம்ப்போ தண்ணியைச் சுத்தம் பண்ற ஓசோன் பெட்டியோ ஆன் ஆன உடனே டிரிப் ஆகும், டப்புல ஒரு பழுதும் இருக்காது, ஆனா திரும்பி வர்ற கரண்ட் கருவி கண்ணுல படாமப் போறதால அது கசிவுன்னு கணக்குப் போட்டுக்குது.

> எச்ச மின்னோட்டக் கருவி

ரெசிடுவல் கரண்ட் டிவைஸ்ங்கிற இன்னொரு இங்கிலீஷ் பேரோட நேர் மொழிபெயர்ப்பு, பாடப்புத்தகத்துக்குச் சரி. ஆனா எச்சம்னா எங்க ஊர்ல காக்கா போடறது, எங்கப்பாகிட்ட இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதோட, அது வெட்டி விடும்கிற முக்கியமான சேதியே இந்தப் பேருல இல்ல.

> நாங்க இலங்கையில ட்ரிப் சுவிட்ச் எண்டுதான் சொல்லுறனாங்கள்

அது வாய்க்கு வந்து பழகின சொல்லு அண்ணா, பேச்சுல அது இருக்கட்டும். எழுத்துல தனிப்பேரு வேணும், ஏன்னா சாதா பிரேக்கரும் ட்ரிப்தான் ஆகுது.

என்னோட முன்மொழிவு: மின்கசிவுத் துண்டிப்பான்.

வெறும் கசிவுன்னு விட்டா டப்பு பக்கத்துல தண்ணி ஒழுகுறதுன்னு நினைப்பாங்க, அதனால "மின்" கட்டாயம். பேப்பர்ல எந்தத் தீ விபத்துன்னாலும் மின்கசிவுன்னு எழுதிடறாங்க, ஷார்ட் சர்க்யூட்டா இருந்தாலும் அதே சொல்லுதான், நம்ம பேரு புழங்க ஆரம்பிச்சா அந்தச் சொல்லும் தன் இடத்துக்குத் திரும்பும்னு ஒரு ஆசை. வெட்டின்னு முடிக்கலாம்னு ஒருத்தர் சொன்னீங்க, நகவெட்டி பாக்குவெட்டி மாதிரி அழகாத்தான் இருக்கு, ஆனா மின்வெட்டு ஞாபகம் வந்துடுது.

கசிவையா துண்டிக்குது, சப்ளையைத்தானே துண்டிக்குதுன்னு இலக்கணம் கேட்டவருக்கு: மீன்வலை மீனைப் பிடிக்க, கொசுவலை கொசுவைப் பிடிக்கவா? தொகையில நடுவுல மறைஞ்சு நிக்குறதை நாம தானா விரிச்சுப் புரிஞ்சுக்குறோம். மின்கசிவு கண்டால் துண்டிப்பான், அவ்வளவுதான். அப்பாவுக்கு நான் போற கரண்டு வர்ற கரண்டு கதையைச் சொன்னதும், கடைக் கல்லா பார்த்த மனுஷன், "ஓ, கணக்குல துண்டு விழுந்தா துண்டிச்சிடும்"னாரு. அந்த நிமிஷமே எனக்கு இந்தப் பேரு உறுதியாயிடுச்சு.

வரலாறும் நம்ம பக்கம்தான் இருக்கு. பெர்க்லி பல்கலைக்கழகத்துல சார்லஸ் டால்சீல்ங்கிற பேராசிரியர், எவ்வளவு கரண்ட்டுல மனுஷனால பிடிச்ச கையை விட முடியாமப் போகுதுன்னு ஆட்களை வச்சு அளந்து பார்த்தாரு, சராசரியா ஆண்களுக்கு 16 மில்லி ஆம்ப், பெண்களுக்கு பத்தரை. 1961-ல இந்தக் கருவியைக் கொண்டுவந்தாரு. 1968-லயே அமெரிக்க மின்விதியில நீச்சல் குளத் தண்ணிக்குள்ள இருக்குற விளக்குகளுக்கு இது வந்துடுச்சு. கரண்ட் கசியறதுதான் பிறந்ததுல இருந்தே இதோட விஷயம், தரை இல்ல.

ஒண்ணு மட்டும் பாக்கி. என் வீட்டு டப்பாவுல இருக்கறது ரெண்டு வேலையும் சேர்த்துச் செய்யுற கருவி, 50 ஆம்ப் ஓவர்லோடையும் பார்க்கும் கசிவையும் பார்க்கும். அதுக்கு "மின்கசிவுச் சுற்றுடைப்பி"ன்னு (சுற்றுடைப்பின்னா சர்க்யூட் பிரேக்கர்) சொல்லலாமா, இல்ல ரெண்டையும் ஒரே பேருல விட்டுடலாமா? ஊர்ல எலக்ட்ரீஷியன் வேலை பார்க்குறவங்க யாராவது சொன்னா நல்லா இருக்கும், அங்க வீட்டுல போடறது 30 மில்லி ஆம்ப், அளவு வேற, ஆனா வேலை ஒண்ணுதான்.

டப்பா டப்புல இருந்து 5 அடிக்குக் குறையாமத் தள்ளி, ஆனா கண்ணுக்குத் தெரியுற இடத்துலதான் இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை அதுமேல தமிழ்ல ஒரு சீட்டு ஒட்டப் போறேன், அப்பா அம்மாவுக்காக: "மின்கசிவுத் துண்டிப்பான். மாசம் ஒருதடவை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்கவும். அமுக்கியும் கரண்ட் அறுபடலைன்னா டப்புல இறங்க வேண்டாம்." சொல்லை மாத்தணும்னா அதுக்குள்ள எழுதுங்க.

அன்புடன்