30 விழுக்காட்டுச் சான்றிதழ் உள்ள மாணவருக்குத் தேர்வில் கூடுதல் நேரம் மறுக்கலாமா?

கேள்வி: கணித ஆசிரியை

அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். என் மாணவர் ஒருவருக்கு வலக்கை விரல்களில் இயக்கக் குறைபாடு உண்டு. மருத்துவச் சான்றிதழில் குறைபாட்டின் அளவு 30 விழுக்காடு என்று உள்ளது. கரும்பலகை அருகே நிறுத்திக் கேட்டால் படிப்படியாக விடை சொல்லிவிடும் அவர், எழுத்துத் தேர்வில் வினாத்தாளின் பாதியைத் தாண்டுவதில்லை. 40 விழுக்காட்டை எட்டாதவருக்குக் கூடுதல் நேரம் தர விதியில்லை என்று மறுக்கும் நிர்வாகம், அதற்குப் பதிலாக மதிப்பெண்ணைச் சற்றுக் கூட்டிப் போட்டுவிடுமாறு வாய்மொழியாகச் சொல்கிறது. சட்டம் என்ன சொல்கிறது? சட்டம் ஒருபுறம் இருக்க, ஆசிரியராக நான் அப்படிச் செய்யலாமா?

மறுமொழி: வழக்கறிஞர்

வணக்கம் அம்மா. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வரும் 40 விழுக்காடு என்ற வரம்பு, இட ஒதுக்கீடு போன்ற சில பயன்களுக்கே உரியது. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் மாணவரின் தேவைக்கேற்ற வசதியைச் செய்துதர வேண்டும் என்னும் 16ஆம் பிரிவிலும், கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் உள்ளிட்ட மாற்றங்களைத் தேர்வு முறையில் செய்யச் சொல்லும் 17ஆம் பிரிவிலும் அந்த வரம்பு இல்லை. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் குறைபாடுடைய விகாஷ் குமாருக்கு மருத்துவக் குழு அளித்த மதிப்பீடு 6 விழுக்காடுதான். ஆயினும் குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவரின் உதவியைப் பெற அவருக்கு உரிமை உண்டென்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதையடுத்து 2022 ஆகஸ்டில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், 40 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தும் எழுத இடர்ப்படுவோருக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் ஈடுநேரம் தருமாறு கூறின. பள்ளிப் பருவத் தேர்வு அதைவிடக் கடுமையாக இருக்க வேண்டிய காரணம் எனக்குப் புலப்படவில்லை.

மறுமொழி: சிறப்பாசிரியர்

மதிப்பெண்ணைக் கூட்டிப் போடாதீர்கள். பார்வைக்குப் பரிவாகத் தோன்றினாலும், அவருக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை அது மறைத்துவிடும். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் அந்த எண்ணை நம்பித்தான் பாடத்தைத் தொடங்குவார். நேரம் கொடுப்பது அப்படியன்று. வினாவும் திருத்தும் அளவுகோலும் மாறுவதில்லை. விரல்களின் வேகம் மட்டுமே கணக்கிலிருந்து நீங்குகிறது.

செய்முறை வடிவியலில்தான் உண்மையான சிக்கல் வரும். நாற்கரம் வரையும் வினாவில், சொல்வதை எழுதுபவர் கவராயத்தைப் பிடித்தால் மதிப்பெண் யாருக்கு என்று கேட்பார்கள். அந்த வினா சோதிப்பது வரைமுறையின் படிகளையே என்பது என் கருத்து. எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டு எந்த அளவில் வில் வரைவது என்று மாணவர் சொல்ல, மற்றவர் சொன்னதை மட்டும் செய்யலாம். இதைத் தேர்வுக்கு முன்பே எழுத்தில் முடிவுசெய்துகொள்ளுங்கள்.

மறுமொழி: மற்றோர் ஆசிரியர்

மற்றப் பெற்றோர் சும்மா இருப்பார்களா? எழுதுபவரே விடை சொல்லிக் கொடுத்துவிட்டால் யார் பொறுப்பு?

மறுமொழி: சிறப்பாசிரியர்

நியாயமான ஐயம்தான், ஐயா. ஆகவேதான் எழுதுபவரைக் கீழ்வகுப்பிலிருந்து எடுத்து, தனியறையில் கண்காணிப்பாளரோடு உட்கார வைக்கிறோம். முறைகேட்டைத் தடுப்பது பள்ளியின் வேலை. அந்த அச்சத்துக்காக மாணவரின் உரிமையை நிறுத்திவைக்க முடியாது. பெற்றோர் கேட்டால் விதியை விளக்குங்கள். அவருடைய சான்றிதழையோ விழுக்காட்டையோ வகுப்பில் வெளியிடாதீர்கள்.

மறுமொழி: வழக்கறிஞர்

ஒன்று விட்டுப்போயிற்று. விழுக்காடு மட்டும் குறித்த சான்றிதழ் போதாது. எழுதுவதில் இடர்ப்பாடு உண்டென்று அரசு மருத்துவ அதிகாரியிடம் தனியே சான்று பெறச் சொல்லுங்கள். பெற்றோரின் விண்ணப்பம் எழுத்தில் இருக்கட்டும், ஒப்புகையும் வாங்கட்டும். அதன்பின்னும் மறுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.