திருநெல்வேலி மாவட்டத்தில் எந்தத் தொழிலில் வேலை கூடுகிறது, எதில் குறைகிறது?

பாளை வாசகர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரி மாணவர்களின் ஆய்வேட்டுக்காக, நம் மாவட்டத்தில் தொழில்வாரியாக வேலைவாய்ப்பு எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று ஓர் அட்டவணை தயாரித்து வருகிறோம். 2001, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பயிரிடுவோர், வேளாண் கூலித் தொழிலாளர், குடும்பத் தொழிலில் உள்ளோர், பிறர் என்று நான்கே பிரிவுகள் இருக்கின்றன. தாழையூத்து சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பவரும், மகேந்திரகிரி விண்வெளி மையத்துப் பொறியாளரும், வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடை ஊழியரும் 'பிறர்' என்ற ஒரே பிரிவில்தான் வருகிறார்கள். போதாக்குறைக்கு, 2019-க்குப் பிந்தைய எண்களைப் பழையவற்றோடு வைத்துப் பார்த்தால் எல்லாத் தொழிலுமே சரிந்துவிட்டதுபோல் தெரிகிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

முக்கூடல்காரர்:

ஐயா, அந்தச் சரிவில் பெரும்பகுதி எல்லைக்கோடு மாறியதால் வந்தது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானபோது சங்கரன்கோவில் விசைத்தறி, கடையநல்லூர், ஆலங்குளம் பகுதிப் பீடித் தொழில் எல்லாம் அதோடு போய்விட்டன. 1986-இல் தூத்துக்குடி பிரிந்தபோது துறைமுகமும் உப்பளமும் கோவில்பட்டித் தீப்பெட்டியும் போனது போலத்தான் இதுவும். ஆகவே மாவட்ட மொத்தத்தை ஒப்பிடாமல், இன்றைய எல்லைக்குள் வரும் ஊர்களை மட்டும் எடுத்து 2001-க்கும் 2011-க்கும் கூட்டிக்கொள்ளுங்கள். ஊர்வாரியான தொழிலாளர் எண்ணிக்கையைக் கணக்கெடுப்பே தருகிறது.

பீடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அட்டவணை அங்கேதான் அதிகம் தடுமாறும். எங்கள் பக்கம் பீடிக்கடையில் இலையும் தூளும் வாங்கி, வீட்டில் இலையை நனைத்து, அளவுத் தகட்டை வைத்து வெட்டி, சுற்றிக் கட்டி, மறுபடி கடையில் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் அநேகமாகப் பெண்கள். பீடித் தொழிலாளி என்ற அட்டை இருப்பது மாமியார் பெயரில். தட்டின் முன் உட்கார்ந்திருப்பதோ மருமகளும் பள்ளி விட்டு வந்த பேத்தியும். வருங்கால வைப்புநிதிக் கணக்கில் அது ஒரு தொழிலாளி. இலை மோசமாக வந்து எண்ணிக்கை குறைந்தால், கைக்காசு போட்டு வெளியில் இலை வாங்கி ஈடுகட்டுவதும் அவர்கள் பாடுதான், அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

பொது இடங்களில் புகைக்கத் தடை 2008-இல் வந்தது, கட்டின் மேல் 85 விழுக்காடு எச்சரிக்கைப் படம் 2016-இல் வந்தது, 2017-இல் பீடிக்கு 28 விழுக்காடு ஜிஎஸ்டி விதித்தார்கள். இவற்றுக்குப் பிறகும் கடையை ஒரேயடியாகப் பூட்டிவிட்டுப் போனவர்கள் குறைவு. வாரம் முழுவதும் கிடைத்த இலை சில நாள்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. ஆள் கணக்கு அப்படியே நிற்க, நாள் கணக்குதான் குறைந்தது. ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை பார்த்தவரைக் கணக்கெடுப்பு 'விளிம்புநிலைத் தொழிலாளர்' என்று தனியே வைப்பதால், முதன்மைத் தொழிலாளரிலிருந்து அந்தப் பக்கம் நகர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள், அதுவும் பெண்களுக்கு மட்டும் தனியாக. பத்தமடைப் பாய் நெசவுக்கும் இதே முறை பொருந்தும்.

அம்பை விவசாயி:

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கார், பிசானம் என்ற இரண்டு பூவும் (நெல் போகமும்) இன்றும் விளைகிறது. அறுப்புக்கு மட்டும் இயந்திரம் வந்துவிட்டது. எனவே நெல் பரப்பு குறையவில்லை என்பதை வைத்து வேலை குறையவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். இன்னொன்று, மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளரை வேளாண் கூலிப் பிரிவில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். தோட்டத் தொழிலைக் கணக்கெடுப்பு 'பிறர்' பிரிவில் சேர்க்கிறது. 1929-இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2028-இல் முடிய இருக்க, 2024-இலேயே தோட்டத்தை நடத்திய நிறுவனம் விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்திவிட்டது. தலைமுறைகளாக அங்கேயே இருந்தவர்கள் பலர் மலையை விட்டு இறங்கினார்கள். நூறு ஆண்டை நெருங்கிய ஒரு தொழில் மறைந்ததை அடுத்த கணக்கெடுப்பில் 'பிறர்' பிரிவின் வளர்ச்சி மூடி மறைத்துவிடும்.

வள்ளியூரான்:

பணகுடி, இராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளைக் கண்ணால் பார்ப்பவர்கள், வேலையும் அந்த அளவு பெருகியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கம்பம் நிறுத்தும்வரை கிரேன், கான்கிரீட், சாலை என்று ஆள் தேவைப்படும். அதன் பின் பல கோபுரங்களுக்குச் சேர்த்துச் சில பராமரிப்பாளர்களும் காவலர்களும் போதும். கூடங்குளத்தில் முதல் இரண்டு உலைகள் ஓடுகின்றன, 3 முதல் 6 வரையிலான உலைகளின் கட்டுமானம் 2017 முதல் அடுத்தடுத்துத் தொடங்கியது. எனவே அங்குள்ள ஒப்பந்த வேலைகளைக் கட்டுமானத்தில் சேருங்கள், மின்சாரத்தில் சேர்க்காதீர்கள். அந்த ஒப்பந்தக் கூலிகளில் வடமாநிலத்தவர் ஏராளம். நாங்குநேரி, திசையன்விளைப் பையன்களோ சென்னையில் மளிகைக் கடை நடத்துகிறார்கள். மாவட்டத்தில் உள்ள வேலையா, மாவட்டத்துக்காரர் பார்க்கும் வேலையா, எதை எண்ணுகிறீர்கள் என்பதை முன்னுரையிலேயே எழுதிவிடுவது நல்லது.

கங்கைகொண்டான் தொழிற்சாலை ஊழியர்:

வளர்ச்சி என்று துணிந்து எழுத ஒரு இடம் எங்கள் சிப்காட் வளாகம். டயர் ஆலை முன்பே இருக்கிறது, 4.3 ஜிகாவாட் திறனுள்ள டாடா பவர் சூரியத் தகடு ஆலையை 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் திறந்துவைத்தார். அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இத்தகைய ஆலைகளுக்குக் கணக்கெடுப்பை நம்பியிருக்க வேண்டாம். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு ஒவ்வொரு பதிவுபெற்ற தொழிற்சாலையும் ஆண்டறிக்கை அனுப்புகிறது. தொழில் வகைவாரியாக ஆண், பெண் எண்ணிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆனால் தொழிற்சாலை என்று பதிய, மின்சாரம் பயன்படுத்தினால் 10 பேர், இல்லையென்றால் 20 பேர் என்ற பழைய வரம்பின்படிதான் இத்தனை ஆண்டுப் பதிவும் நடந்திருக்கிறது, பீடி வீடுகள் அதில் வரவே வரா.

பாளை வாசகர்:

மிக்க நன்றி. ஊர்வாரியாகக் கூட்டுவதென்று முடிவு செய்துவிட்டோம். 2011-க்குப் பிறகு மானூர், சேரன்மகாதேவி, திசையன்விளை எனப் புது வட்டங்களும் வந்துவிட்டதால், வட்ட அளவில் நிறுத்தினாலும் இதே குழப்பம் திரும்ப வந்திருக்கும். பீடிக்கு ஆள் கணக்கோடு நாள் கணக்கையும் ஒரு தனிப் பத்தியாகச் சேர்க்கிறோம். முக்கூடல் அண்ணாச்சி, பீடிக்கடைகளில் வாரவாரம் எழுதும் வரவுச் சீட்டுகளைப் பழைய ஆண்டுகளுக்கும் எடுத்து வைத்திருப்பவர்கள் உங்கள் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், மாணவர்களோடு நேரில் வந்து பார்க்கிறோம்.