‘டேக்’ என்ற வினையும் நம் ‘எடு’வும்: உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் மாலை நேரத்தில் சில பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். சேலத்துக்குப் பஸ் ஏறிப் போனதை ஒரு மாணவன் ‘கிளைம்ப்’ என்ற வினையால் எழுதியிருந்தான். நான் அதை அடித்து ‘டுக்’ என்று திருத்தியதும், “பஸ்ஸை டிரைவர்தானே எடுப்பார், நாம ஏறத்தானே செய்றோம்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி, “பஸ்ஸை எடுத்துட்டாங்க” என்றால் நமக்கு வண்டி கிளம்பிவிட்டது என்றுதான் பொருள்.

‘டேக்’ ஆங்கிலத்தில் பிறந்த சொல் அன்று. இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியில் இருந்த ‘டாகா’ என்ற வினையே, அதுவரை அதே பொருளில் வழங்கிய ‘நிமன்’ என்ற சொல்லை மெல்ல மெல்ல வழக்கிலிருந்து விலக்கியது. ஜெர்மனில் அதன் உறவான ‘நேமன்’ இன்றும் வாழ்கிறது. ஆங்கிலத்திலோ, விரல் மரத்துப்போவதைச் சொல்லும் ‘நம்’ என்ற சொல்லில் அதன் சுவடு எஞ்சியிருக்கிறது, அதாவது ‘பிடிபட்டது’ என்ற பொருளில்.

என் தேவை இதுதான். பசி எடுப்பதும், பாம்பு படம் எடுப்பதும் நம் சொந்த வழக்குகள். ஆனால் ‘முடிவு எடு’, ‘ஓய்வு எடு’, ‘நடவடிக்கை எடு’ ஆகியவை ஆங்கிலத்தைப் பின்பற்றி வந்தவையா? 1862இல் வெளியான வின்சுலோ அகராதியோ, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனோ வைத்திருப்பவர்கள் ‘எடு’ என்ற பதிவைப் பார்த்து, அந்தப் பக்கத்தின் படத்தை இங்கே இட்டால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.