பட்டிமன்றத் தலைப்புக்குச் சொல் வேணும்: கிளர்ச்சியாளரா, துரோகியா, இல்ல மூணாவதா?

கொழிஞ்சாம்பாறையில இருந்து, திங்கள் ராத்திரி

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை கேரள எல்லைல, பாலக்காட்டுப் பக்கம் இருக்கற எங்க தமிழ் மீடியம் எட்டாம் கிளாஸ் பிள்ளைங்க பட்டிமன்றம் நடத்தறாங்க, விண்வெளிக் கதை நாயகர்களைப் பத்தி. புதன் சாயங்காலத்துக்குள்ள ஃபிளெக்ஸ் கடைக்குத் தலைப்பு குடுக்கணும். 1977ல வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்துல இளவரசி லேயாவைப் பிடிச்சதும் வில்லன் வேடர் ஒரே மூச்சுல ரெண்டு பட்டம் குடுக்கறான், ரெபல் கூட்டத்து ஆளு, ட்ரெய்ட்டர்னு. ரெண்டாவதுக்கு துரோகி இருக்கு, முதலாவதுலதான் மாட்டிக்கிட்டேன். கிளர்ச்சியாளர்னு போர்டுல எழுதினா பின்வரிசைல சிரிப்பு, ஏன்னு எட்டாம் கிளாஸ் எடுத்தவங்களுக்குத் தெரியும். கலகக்காரர்னா கோள் மூட்டறவன்னு நினைக்கறாங்க. ஒரு பையன் எந்திரிச்சு "விமதன்னு போடுங்க டீச்சர்"ங்கறான், தேர்தல் சமயத்துல சொந்தக் கட்சியை எதிர்த்து நிக்கறவரை மலையாள நியூஸ்ல சொல்ற சொல்லு. அவனுக்குக் கைக்கு எட்டினது அதுதான். என்ன போடலாம், சொல்லுங்க.

வேலந்தாவளத்துல இருந்து, செவ்வாய் காலைல

அம்மா, விமதன் வேண்டவே வேண்டாம், வியும் வடமொழி மதமும் வடமொழி. துரோகியும் அதே சாதிதான். நம்ம கிட்ட இரண்டகன் இருக்கானே, உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணாதேன்னு எங்க ஆத்தா சொல்லும், இரண்டு அகம், ரெண்டு மனசு, இதைவிடத் தெளிவா எந்த மொழி சொல்லும்? கலகத்தையும் வடசொல்னு தள்ளறவங்க உண்டு, நான் ஒத்துக்க மாட்டேன், கலங்கு, கலக்கு, கலகம், குளத்தைக் கலக்கினா அடியில கிடக்கறது மேல வருதே அதுதான் கலகக்காரன் செய்யற வேலை. நாரதர் கலகம் நன்மையில முடியும்னு சும்மாவா சொன்னாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். ஒற்றன்னா நமக்கு வேவு பார்க்கறவன், வள்ளுவர் ஒற்றாடல்னு தனி அதிகாரமே வச்சு அவனை அரசனோட கண்ணுங்கறார். வாளையார் தாண்டி மலையாளத்துக்குள்ள போனா ஒற்றுகாரன் காட்டிக்கொடுக்கறவன் ஆயிடறான். எல்லைல நிக்கற நமக்குத்தான் இந்தச் சொல்லோட ரெண்டு முகமும் தெரியுது, இதை நாமளே ஆராயலேன்னா வேற யாரு ஆராய்வாங்க?

மூணாறுல இருந்து, செவ்வாய் மத்தியானம்

ஐயா, ஒற்றன் இருக்கட்டும், டீச்சருக்கு நாளைக்குள்ள வேணும். 1857ஐ சிப்பாய் கலகம்னு ஒரு புத்தகம், முதல் சுதந்திரப் போர்னு இன்னொரு புத்தகம். 1921ல மலபார்ல மாப்பிளைமார் எழுந்த விஷயத்தை இங்க மலையாளத்துல ஒருத்தர் லஹள, அதாவது கலவரங்கறார், ஒருத்தர் கலாபம், கிளர்ச்சிங்கறார், ஒருத்தர் சமரம், போராட்டங்கறார். யாரு பேசறாங்கங்கறதை வச்சுத்தான் சொல்லு மாறுது. அதனால இரண்டகன்னு எழுதினா ஆராய்ச்சியே முடிஞ்சு போச்சு, தீர்ப்பு சொல்லிட்டோம். வீடணனை நினைச்சுப் பாருங்க, நம்ம வீட்ல இன்னிக்கும் சண்டை நடக்குது. கும்பகருணன் "நீர்க்கோல வாழ்வை நச்சி"ன்னு சொல்லிட்டு அண்ணனை விட்டு வரமாட்டேங்கறான், சோத்துக் கடன் பெருசுன்னு. தம்பியோ அறம் பெருசுன்னு எதிர்ப்பக்கம் போறான். 2015ல வந்த ஸ்டார் வார்ஸ்ல ஃபின்னும் அப்படித்தானே, ஊர்க்காரங்களைச் சுட மாட்டேன்னு துப்பாக்கியைத் தாழ்த்தி ஓடி வந்தவன், கூட இருந்த சிப்பாயே அவனை துரோகின்னு கத்தறான். இரண்டகனா அவன்?

கொழிஞ்சாம்பாறையில இருந்து, செவ்வாய் ராத்திரி

மூணாறு சார் சொன்னதைப் படிச்சப்புறம்தான் என் கேள்வியே தப்புன்னு புரிஞ்சுது. எனக்கு வேண்டியது ரெண்டு சொல் இல்ல, மூணு. லேயா நிஜமாவே எதிர்த்துப் போராடினவ, அவளைக் கிளர்ச்சியாளர்னே சொல்லலாம். ஃபின் பக்கம் மாறினவன். ஆனா பிபிசில 1978ல தொடங்கின பிளேக்ஸ் செவன்ங்கற விண்வெளித் தொடர்ல பிளேக் வர்றானே, அவன் முன்னாடி எதிர்ப்பை நடத்தினவன், நினைவை அழிச்சு அடக்கிப் பார்க்கறாங்க, அப்புறம் செய்யாத அசிங்கமான குற்றத்தைத் தலையில கட்டி சிக்னஸ் ஆல்ஃபாங்கற சிறைக் கிரகத்துக்கு நாடு கடத்தறாங்க. எதிர்த்ததுக்காகத் தண்டிச்சிருந்தா கூட ஒரு நேர்மை இருந்திருக்கும். இவனுக்கு என்ன பேரு?

பாத்திரம் கழுவிட்டு இருக்கும்போதுதான் கோவலன் ஞாபகம் வந்துச்சு. பொற்கொல்லன் சொன்ன ஒரே வார்த்தையில விசாரிக்காம கொன்னு சிலம்பைக் கொண்டான்னுட்டான் பாண்டியன், கண்ணகி வந்து முதல் அடியா கேட்டது "தேரா மன்னா". ஆராயாத மன்னா. அந்தத் தேராவை எடுத்து தேராப்பழின்னு வச்சா? ஆராயாம சுமத்தின பழி. அதைச் சுமக்கறவர் தேராப்பழியர். வள்ளுவர் கூட "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்"னு 510ல சொல்றாரே, அதே தேர்தல்தான். கொடுங்கல்லூர் அம்மாவைக் கண்ணகின்னு கும்பிடற நாட்டுல இருக்கோம், இந்தச் சொல்லு இங்க அந்நியமா இருக்காதுங்க.

சித்தூர்ல இருந்து, புதன் காலைல

நம்ம பாலக்காட்டுச் சித்தூர்தான், ஆந்திரா சித்தூர் இல்ல. டீச்சர், சொல்லு ரொம்ப நல்லா இருக்கு, கண்ணு கலங்கிருச்சு. ஆனா ஃபிளெக்ஸ்ல போட்டா பஸ் ஸ்டாப்ல நிக்கற எங்க மாமியார் தேர்ப்பழின்னு படிப்பாங்க, கோயில் தேருக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துருவாங்க. தேர்தல்னா இப்ப ஓட்டுதானே. பழிசுமந்தவர்னு வைங்க, எல்லாருக்கும் புரியும்.

வேலந்தாவளத்துல இருந்து, புதன் காலைல

புரியாத சொல்லைப் புழங்கப் புழங்கத்தான் புரியும், பேருந்தும் அப்படி வந்ததுதான். தேராப்பழிக்கு என் ஆதரவு. ஆனா துரோகி இருக்கற இடத்துல இரண்டகன் வரணும், அதுல மாற்றமில்ல.

கொழிஞ்சாம்பாறையில இருந்து, புதன் சாயங்காலம்

ஃபிளெக்ஸ் குடுத்தாச்சு. "விண்வெளி நாயகர்கள்: கிளர்ச்சியாளரா, துரோகியா, பழிசுமந்தவரா?" கடைல டைப் பண்ணின தம்பி மலையாளி, "பழி"ல ழிக்கு ளி போட்டிருந்தாரு, பக்கத்துல நின்னு மாத்த வச்சேன். மூணு பேரு பழிசுமந்தவர்னு சொன்னீங்க, ஐயா மட்டும் மாறல, அவருகிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன். தேராப்பழியை விட மனசு வரல. இன்னிக்குக் கடைசிப் பீரியட்ல போர்டு மூலைல எழுதி வச்சேன், விமதன் கேட்ட பையன் அதை நோட்டுல எழுதிக்கிட்டு, "அப்ப பிளேக்குக்கு ஒரு கண்ணகி வரலியா டீச்சர்"னு கேட்டான்.